மூலைப்பல்

பல் மருத்துவர் தூலிக்கி ஹெய்ஸ்கரி
என் மகனின் மேலுதட்டுக்குள் சுண்டுவிரலை விட்டு
ஈறின் மேல் தேடினார்,
புது வீட்டில் இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவர்போல.
"பத்து வயதில் இங்கே ஒரு மேடு தட்டுப்படவேண்டும்.
இரண்டு பக்கமும் இல்லை."
ஒக்கோ கண்ணை உருட்டி என்னைப் பார்த்தான்.
வாய் நிறைய கையுறை.

பிறகு ஓர் இயந்திரம்
அவன் தலையை ஒருமுறை வலம் வந்தது.
திரையில் என் பிள்ளையின் சிரிப்பு,
உதடு இல்லாமல், கன்னம் இல்லாமல்,
காதிலிருந்து காது வரை.
பால்பற்களின் தலைக்கு மேலே
முறை வரட்டும் என்று காத்திருக்கும் இன்னொரு வரிசை.
பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவனாய்
தொப்பியைக் கழற்றிக்கொண்டேன்.

கோரைப்பல் இரண்டும் தடம் மாறியிருந்தன.
வலது கொஞ்சம் சாய்ந்திருந்தது.
இடது கிட்டத்தட்ட படுத்தேவிட்டது,
முன்பல்லின் வேரைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு.
எங்கள் ஃபின்னிஷ் மொழியில் அதற்கு மூலைப்பல் என்று பெயர்.
தன் மூலை எதுவென்று தெரியாத மூலைப்பல்.

"அப்படியே விட்டுவிட்டால்?"
"பக்கத்து வேரைத் தின்னலாம். தின்னாமலும் இருக்கலாம்."
"இப்போது?"
"கீழே நிற்கும் பால்பல் இரண்டையும் எடுத்துவிடலாம்.
இடம் கிடைத்தால் பல சமயம் தானே திரும்பும்."

ஆடாத பல்.
சொத்தை விழாத பல்.
முந்தின நாள் இரவு
உலர்ந்த கலைமான் இறைச்சியைக் கிழித்த பல்.
அது என்ன குற்றம் செய்தது என்று கேட்டேன்.
ஒன்றுமில்லை என்றார்.
என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றார்.
பனி ஒதுக்கும் லாரி ஓட்டுகிறேன், கெமியார்வியில்.
"அப்போ உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.
நாங்களும் வழிதான் ஒதுக்குகிறோம்."

புரியவில்லை.
நான் ஒதுக்குவது நேற்று விழுந்தது,
நாளைக்கும் விழப்போவது.
அதற்கு வேர் கிடையாது.
மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு
நான் பனியைத் தள்ளுவதில்லை.

ரீக்காவுக்குப் போன் போட்டேன்.
பிரிந்தபின் அவள் இருப்பது ரோவனியெமியில்.
"எனக்கும் அதேதான்," என்றாள்.
"பதினைந்து வயதில் அண்ணத்தை வெட்டித் திறந்து
பல்லில் சங்கிலி கோத்து இழுத்தார்கள்.
இரண்டு வருஷம்.
உனக்குத் தெரியாதா?"
பதினோரு வருஷம் முத்தமிட்ட வாய்.
தெரியாது.
"சின்னதிலேயே யாராவது பார்த்திருந்தால்..." என்றவள்
முடிக்கவில்லை.
"எடுத்துவிடச் சொல்லு, வெய்க்கோ."

புதன்கிழமை எடுத்தார்கள்.
அழவில்லை, நாற்காலியின் கையை மட்டும்
கெட்டியாகப் பிடித்திருந்தான்.
வேர் நீளமாக, முழுசாக இருந்தது.
மேலிருந்து வரவேண்டியது வந்திருந்தால்
அதைக் கரைத்திருக்கும் என்றார்கள்.
இரவு ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டையும் போட்டு வைத்தான்.
பல் தேவதையை அவன் நம்பி மூன்று வருஷம் ஆகிறது.
காலையில் நாணயங்களை எடுத்துக்கொண்டு
நன்றியை என்னைப் பார்த்துச் சொன்னான்.

அப்புறம் ஒரு வருஷம்
இரண்டு ஓட்டைகளோடு காத்திருந்தோம்.
பள்ளிப் புகைப்படத்தில் உதட்டை மூடிக்கொண்டான்.
ஏரி உறைந்தது, இளகியது.
எங்களுக்குச் சொல்லாமலே வலது பக்கம்
வெள்ளையாக ஒரு முனை எட்டிப்பார்த்தது,
அரிசிமணி அளவு.
ரீக்கா கேட்டவுடன் படம் அனுப்பினேன்.

இடது? திரையில் இரண்டு வருஷத்தின் படங்களையும்
அருகருகே வைத்துக் கோடு போட்டார்.
"பதினோரு டிகிரி. போதாது.
ஆனால் திரும்பியிருக்கிறது. இன்னும் ஆறு மாதம் பார்ப்போம்."
அதற்குமேல் போனால் வெட்டும் சங்கிலியும்,
அம்மாவைப்போல.

இன்று விடிகாலை மூன்று மணி.
லாரிச் சாவியோடு வாசலில் நிற்கிறேன்.
ஒக்கோ எழுந்து வந்து வாயைத் திறந்து
"இங்கே தொட்டுப் பாருங்க," என்கிறான்.
கையில் டீசல் வாடை. கழுவிவிட்டு வந்து தொட்டேன்.
வழவழப்பான ஈறு.
ஏதோ மேடு மாதிரி இருந்தது, அல்லது என் ஆசை.
"இருக்கு," என்றேன்.
"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்று
திரும்பிப் படுக்கப் போனான்.
வெளியே பனி
கணுக்கால் அளவுக்கு விழுந்திருந்தது.